முதுகில் எடுக்கும் தண்ணி

டாக்டர் அவன் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். தலை மட்டும் தனியாக வரவில்லை. கழுத்து, தோள், மேல்முதுகு எல்லாம் ஒரே துண்டாக எழும்பின. மோவாய் மார்பைத் தொடவே இல்லை. மெதுவாக இறக்கிவிட்டு இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். இந்த முறை அவனுடைய இரண்டு முழங்கால்களும் தாமாகவே மடங்கி மேலே வந்தன. கட்டிலின் கால்மாட்டில் நின்ற பயிற்சி மருத்துவர் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"தூங்கி எந்திரிச்சதுல சுளுக்கிக்கிருச்சு தாயி. எண்ணெ தேச்சா சரியாயிரும்" என்றார் அவன் அம்மா.

டாக்டர் பதில் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து அவன் கண்களுக்கு முன்னால் இடமும் வலமுமாக நகர்த்தினார். இடது கண் மூக்கு வரைக்கும் போனது. காதுப்பக்கம் திரும்ப வேண்டியபோது பாதியிலேயே நின்றுவிட்டது. "இங்க எத்தனை பேர் நிக்கிறோம்?" என்று கேட்டார். அவன் வெகுநேரம் பார்த்தான். "நாலு டாக்டரு, ரெண்டு சிஸ்டரு" என்றான். அங்கே நின்றது இரண்டு டாக்டர்களும் ஒரு சிஸ்டரும்தான்.

அரசு ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட வராந்தாவில் ஒரு கதவு நரம்பியல் வார்டுக்கு, எதிர்க்கதவு நரம்பு அறுவைச் சிகிச்சை வார்டுக்கு. உள்ளே இடம் போதாமல் இரண்டு பக்கத்துக் கட்டில்களும் வராந்தாவுக்கு வந்திருந்தன. தலையில் கட்டோடு படுத்திருந்த என் பெரியப்பாவுக்குத் துணையாக நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கட்டில் அந்தப் பையனுடையது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவனாம். இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், விடாத தலைவலி, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன், வீட்டுக்குப் போகும் வழியை மறந்து தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தானாம். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கழுத்து ஏன் மடங்கவில்லை என்று பயிற்சி மருத்துவருக்கு டாக்டர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. மண்டையோட்டுக்குள் தொடங்கி, முதுகெலும்புக் குழாய்க்குள் இறங்கி, இடுப்புக்குக் கீழே வரைக்கும் போகிறது மூளையைப் போர்த்தியிருக்கும் உறை. நடுவில் வெட்டோ மூட்டோ கிடையாது. தலையைக் குனிந்தால் உறை மேலிருந்து கீழ்வரை இழுபடும். நல்ல நாளில் நமக்கு அது தெரிவதே இல்லை. அழற்சி கண்ட உறைக்கு அந்தச் சின்ன இழுப்பும் தாங்காது. கழுத்துத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனியவிடாமல் தடுத்துவிடும். முழங்கால் மடங்குவதும் அந்த இழுப்பைக் குறைக்கத்தான். மூளைக்கு வலி தெரியாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளைக்குள் அறுவைச் சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். வலிப்பது அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் உறையை ஒட்டிய ரத்தக்குழாய்களுக்கும்.

உறை என்பது மூன்று அடுக்கு. பள்ளிக்கூடப் பாடத்தில் மூன்று பெயர்களாகப் படித்து மறந்துபோன விஷயம். எலும்பை அடுத்து இருப்பது டியூரா மேட்டர். தடித்தது, நாராலானது, எளிதில் கிழியாது. மண்டைக்குள் அது எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. முதுகெலும்புக்குள் எலும்பை விட்டு விலகி, நடுவில் கொழுப்பும் சிரைகளும் நிறைந்த ஓர் இடைவெளியை விடுகிறது. பிரசவ வலி தெரியாமலிருக்க எபிடியூரல் மருந்து ஏற்றுவது அந்த இடைவெளியில்தான். டியூராவின் உட்பக்கத்தை ஒட்டி அரக்னாய்டு. மெல்லியது, ரத்தக்குழாயே இல்லாதது. அதிலிருந்து நூலிழைகள் கீழே இறங்கி மூன்றாவது உறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மூன்றாவது உறையான பயா மேட்டர், மூளையின் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, ஓரிடமும் விடாமல் ஒட்டியிருக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் தண்ணீர். வளர்ந்தவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் 500 மில்லி அளவுக்கு ஊறுகிறது. ஊறியது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை அந்த நீரில் மிதப்பதால், 50 கிராம் பொருளின் பாரம்தான் அடியில் இறங்குகிறது. மிதக்காவிட்டால் மூளை தன் பாரத்தாலேயே தன் அடிப்பாகத்தை அழுத்திக்கொள்ளும்.

பெரியப்பாவுக்கு நேர்ந்தது முதல் உறைக்கும் இரண்டாம் உறைக்கும் நடுவில். வயதானால் மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையிலிருந்து டியூராவுக்குப் போகும் சின்னச் சின்னச் சிரைகள் அந்தச் சுருக்கத்தில் இழுபட்டு நிற்கின்றன. பழைய வீட்டின் தாழ்ந்த நிலையில் தலை இடித்தது போதும், ஒரு சிரை அறுந்து வாரக்கணக்கில் கசியும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கசிவு இன்னும் எளிது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார், ஒரு காலை இழுத்து நடந்தார், பேரன் பெயரை மறந்தார். வயதாகிவிட்டது என்று ஊரே சொன்னது. ஸ்கேன் எடுத்தால், மண்டையின் உள்விளிம்பில் பிறை வடிவத்தில் பழைய ரத்தம். எலும்பில் இரண்டு சின்னத் துளை போட்டு, டியூராவைத் திறந்து, கறுத்து நீர்த்துப்போன அந்த ரத்தத்தை வடித்தார்கள். இப்போது பேப்பர் கேட்கிறார், காபியில் சர்க்கரை குறைவு என்று சத்தம் போடுகிறார். முதியவர்களின் மறதியில் இப்படிச் சரிசெய்யக்கூடிய மறதியும் உண்டு என்பது வீடுதோறும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் நரம்பு அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு தனித் துறை பிறந்தது 1949இல், வேலூர் சி.எம்.சி.யில், ஜேக்கப் சாண்டியின் கையால். அடுத்த ஆண்டு சென்னையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கு முன்பு நிலையில் இடித்துக்கொண்ட பெரியப்பாக்கள் எத்தனையோ பேர் மறதிக்காரர்களாகவே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வராந்தாவின் கடைசியில் இன்னொரு பையன். பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவன். பொட்டெலும்புக்கு உட்புறம், டியூராவின் வெளிப்பக்கத்தில் ஓடும் தமனி கிழிந்திருந்தது. விழுந்ததும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தானாம். அப்புறம்தான் சரிந்திருக்கிறான். தமனி ரத்தம் வேகமாக ஏறும். மணிக்கணக்குத்தான் அவகாசம். அந்த அவகாசத்துக்குள் கூட்டிவந்த டீக்கடைக்காரரை அந்தக் குடும்பம் சாமியாக நினைக்கிறது.

லோடு ஆட்டோப் பையனுக்கு ஸ்கேன் முடிந்து வந்தது. தண்ணி எடுத்துப் பார்க்கத் தடையில்லை என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துக்கான தாள் வந்தது. அம்மா அதைத் தொடவே இல்லை.

"முதுகுல ஊசி போட்டா காலு வெளங்காமப் போயிரும்னு சொல்றாகளே தாயி. எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்பிடித்தான் தண்ணி எடுத்தாக. கடேசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

அந்த அம்மா சொன்னதில் பொய் இல்லை. இதே பேச்சை எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல்களில் கேட்டிருக்கிறேன். முதுகில் தண்ணி எடுத்தவர் எழுந்திருக்கவில்லை என்பது நடந்த விஷயம்தான். ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நாள் எது, அப்போது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஊர் கேட்பதில்லை. நினைவு தப்பி, கைகால் விழுந்த பிறகு கொண்டுவருகிறார்கள். டாக்டர் ஊசி போடுகிறார். இரண்டு நாளில் ஆள் போய்விடுகிறார். ஊர் கண்ணில் பட்டது ஊசி ஒன்றுதான். பழி முழுக்க ஊசி மேல் விழுகிறது. அந்தப் பழி அடுத்த குடும்பத்தை இன்னும் நான்கு நாள் தாமதிக்க வைக்கிறது. இந்தப் பையனுக்கு இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டது காசநோயால் வரும் மூளைக்காய்ச்சல். அதில் ஒருவர் பிழைப்பாரா, பிழைத்தாலும் எப்படிப் பிழைப்பார் என்பது, மருந்து தொடங்கிய அன்று அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கக்கூடிய பயமில்லை இது. உட்கார்ந்து பேசிக் கரைக்க வேண்டிய பயம். பேசுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். அன்றைக்கு அந்த வார்டில் ஆள் இருந்தார்.

தலை நரைத்த சிஸ்டர் ஒருவர் மருந்துத் தட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு நீங்க?"

"சாயல்குடிப் பக்கம்."

"அப்ப நுங்கு சீவிருப்பீகள்ல?"

"அது சீவாமயா? பனைதான எங்களுக்குச் சோறு போட்டது."

"மேல தடிச்ச ஓடு. சீவுனா உள்ள சொளை, சொளையச் சுத்தித் தோலு, அதுக்குள்ள தண்ணி. வெரல வெச்சா பீச்சும்ல? மனுசனுக்கும் அப்பிடித்தான். ஓடு எலும்பு. தோலு இந்த ஜவ்வு. ஜவ்வுக்குள்ள தண்ணி. காய்ச்சல் வந்திருக்கிறது அந்தத் தண்ணியிலயும் ஜவ்வுலயும். எந்தக் கிருமின்னு தண்ணியப் பாத்தாத்தான் தெரியும்." அந்த அம்மாவின் முதுகில் கைவைத்து, விலா முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொட்டார். "தண்டு இங்கனயே முடிஞ்சு போச்சு. ஊசி போடப்போறது இதுக்கும் கீழ, இங்க. இங்க தண்ணியும் நரம்பு நூலுந்தான். ஊசி வந்தா நூலு வெலகிக்கிரும்."

"எடுத்த தண்ணி?"

"அரை மணி நேரத்துல ஊறிரும்."

அந்த அம்மாவின் மருமகள் அதுவரை வாய் திறக்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "எடுக்கலன்னா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். "என்ன நோய்னு உறுதியாத் தெரியாமலே மருந்து குடுக்கணும்மா" என்றார் டாக்டர். அவள் தாளை வாங்கி மடியில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

திரை ஒன்றுதான் இருந்தது. அதை நடமாட்டமுள்ள பக்கம் நிறுத்தினார்கள். நான் இருந்த பக்கம் திறந்தே கிடந்தது.

பணியாளர் ஒருவர் பையனை இடப்பக்கமாகச் சாய்த்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கி, கழுத்து மடங்குகிற மட்டும் குனியவைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அப்படி வளைத்தால்தான் முதுகெலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். டாக்டர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்து, அந்த உயரத்தில் முதுகுத்தண்டின் முடிச்சுகளை எண்ணி, ஒரு பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தார். கையுறை மாற்றினார். பெட்டாடின் நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகப் பரவியது. துளையிட்ட பச்சைத் துணி விரித்தார்கள். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அதற்குத்தான் அவன் "அம்மா" என்றான். அடுத்த நீண்ட ஊசிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஊசிக்குள் இன்னொரு கம்பி இருக்கிறது, வழியில் தோலோ சதையோ அடைத்துக்கொள்ளாமலிருக்க. டாக்டர் அதை இரண்டு கை விரல்களாலும் பிடித்து, தொப்புளை நோக்கிச் சற்றே சாய்வாக, மிக மெதுவாகத் தள்ளினார். அவர் கண் ஊசியில் இல்லை, எங்கோ சுவரில் இருந்தது. விரல் நுனியில் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தோல், கொழுப்பு, எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள். பிறகு ஓரிடத்தில் தடை விட்டது. அவர் தோள் ஒரு கணம் தளர்ந்ததை நான் பார்த்தேன். டியூராவும் அரக்னாய்டும் வழிவிட்ட இடம் அது. உள்கம்பியை உருவினார். ஒன்றும் வரவில்லை. கம்பியைத் திரும்பச் செருகி, ஊசியை நெல்முனையளவு நகர்த்தி, மறுபடியும் உருவினார். ஊசியின் வாயில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. அடுத்தது விழுந்தது. பிறகு நிற்காமல் சொட்டியது.

சிஸ்டர் அதே நேரத்தில் அவன் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். நல்ல நிலையில் இந்த நீரின் சர்க்கரை, ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பாக்டீரியாக் கிருமி இருந்தால் அது இறங்கிவிடும். ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். மூன்று சின்னக் குப்பிகள் நிறைந்தன. டாக்டர் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். குடிநீரைப்போல் நிறமற்று இருக்க வேண்டியது. சீழ் பிடிக்கும் கிருமியென்றால் கலங்கியிருக்கும். இது கலங்கவில்லை, ஆனால் சுத்தமாகவும் இல்லை. வைக்கோல் ஊறிய நீரின் மெல்லிய மஞ்சள்.

"இத நீங்களே லேபுக்குக் கொண்டுபோகணும். ஃப்ரிட்ஜில வெக்கக் கூடாது. கையிலயே வெச்சுக்கங்க, ஓடிப்போங்க" என்று குப்பிகளை மருமகளிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு, ஸ்ட்ரெச்சருக்கும் சாப்பாட்டு வண்டிக்கும் நடுவே புகுந்து, படியிறங்கி ஓடினாள். நுண்ணோக்கியில் செல்களை எண்ண ஒன்று, சர்க்கரையும் புரதமும் பார்க்க ஒன்று, காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு ஒன்று.

இந்த ஊசிக்கு வயது நூற்றுமுப்பதைத் தாண்டிவிட்டது. 1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவிங்கே இப்படி முதுகில் நீர் எடுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வால்டர் எசெக்ஸ் விண்டர், இதே காசநோய் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு நீரை வடித்துப் பார்த்தார். மருந்தில்லாத காலம் அது, அவர்கள் பிழைக்கவில்லை. 1898இல் அதே கீல் நகரில் ஆகஸ்ட் பீர் இந்த வழியாக மரத்துப்போகும் மருந்தை ஏற்றிக் காட்டினார். நம் ஊரில் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவது அங்கிருந்து வந்ததுதான். தன் முதுகிலும் ஊசி போடச் சொன்ன பீருக்கு அதற்குப் பிறகு எழுந்து உட்கார முடியாதபடி தலைவலி. படுத்தால் நின்றது. டியூராவில் விழுந்த சின்னத் துளை வழியே நீர் கசிந்தால் இன்றைக்கும் அந்தத் தலைவலி சிலருக்கு வரும். ஊசி மெல்லியதாக ஆக ஆக அது குறைந்திருக்கிறது. சில நாளில் தானாகவே சரியாகும். கையெழுத்து வாங்கும்போதே இதையும் சொல்லிவிட்டால் பாதிப் புரளி அடங்கும்.

மல்லாந்து படுத்திருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். அதுவரை முகம் திருப்பியிருந்த அம்மா, காவல் வேலையை எடுத்துக்கொண்டார். "தலையத் தூக்காத. தூக்காதங்கிறேன்ல."

சாயங்காலம் சர்க்கரை இறங்கியிருக்கிறது, புரதம் ஏறியிருக்கிறது, வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன என்று லேப் சீட்டு வந்தது. சிபிநாட் முடிவுக்குக் காத்திருக்காமலே டாக்டர் மருந்தை எழுதினார். அந்தச் சோதனையில் கிருமி தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த நோயில் பிசினைப்போன்ற கசிவு மூளையின் அடிப்பகுதியில் தேங்குகிறது. கண்ணுக்கும் முகத்துக்கும் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளும் அங்கேதான். கசிவு இறுகும்போது இவற்றையெல்லாம் நெரிக்கிறது. அவன் இடது கண் பாதியில் நின்றது அதனால். நீர் வடியும் வழியும் அடைபட்டால் மூளையின் உள்ளறைகள் வீங்கும்.

"பொறந்தப்பவே ஊசி போட்டோமே டாக்டரம்மா" என்று அம்மா அவன் தோளைத் திறந்து காட்டினார். பி.சி.ஜி. தழும்பு இருந்தது. அந்த ஊசி குழந்தைகளை இந்த மூளைக்காய்ச்சலிலிருந்து நன்றாகவே காக்கிறது. அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று, நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆட்டோ ஓட்டி, கண்ட இடத்தில் தூங்கி, மெலிந்துபோன ஒருவனுக்கு அந்தப் பழைய தழும்பு எவ்வளவு தாங்கும்?

காசநோய் மாத்திரைகளோடு டெக்ஸாமெதசோன் ஊசியும் ஏறியது, உறையின் வீக்கத்தை அடக்க. இந்த நோயில் அது உயிரிழப்பைக் குறைக்கிறது என்று வியட்நாமில் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. மறுநாள் மருமகள் கலங்கிப்போய் வந்து, சிறுநீர் ரத்தமாகப் போகிறது என்றாள். ரிஃபாம்பிசின் தரும் ஆரஞ்சு நிறம்தான், மருந்து உடம்பில் சேர்ந்ததற்கு அதுவே அடையாளம் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். சில நாளில் வாந்தி நின்றது. தலைவலி பாதியானது. மோவாய் மார்புக்குப் பக்கத்தில் வர ஆரம்பித்தது. கண் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மாத்திரை ஓராண்டு வரைக்கும் தொடர வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் மட்டன் குழம்பு கேட்டான்.

பெரியப்பாவுக்குத் தையல் பிரிக்கிற அன்று, எங்கள் எதிர்க்கட்டிலில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அதே காய்ச்சல், அதே இறுகிய கழுத்து. கண் திறக்கவே சிரமப்பட்டாள். கையெழுத்துத் தாள் வந்தது. திருப்பூரிலிருந்து அண்ணன் வரட்டும், அவரைக் கேட்காமல் முதுகில் ஊசி போட முடியாது என்று புருஷன் சொல்லிவிட்டான். பஸ் வர ராத்திரியாகும். டாக்டர் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போனார். நரைத்த சிஸ்டருக்கு அன்று விடுமுறை.

சாயல்குடி அம்மா எழுந்து போனார். "எம் மகனுக்கும் எடுத்துச்சு, வந்து பாருங்க" என்று அந்தப் புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, போர்வையை விலக்கி, மகனின் உள்ளங்காலில் நகத்தால் ஒரு கீறு கீறினார். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஏம்மா உயிர வாங்குற" என்றான். "பாத்தீகளா?" என்றார். பிறகு ஓடு, சொளை, தோல், தண்ணி என்று சிஸ்டர் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னார். புருஷன் கேட்டுக்கொண்டான். இருந்தாலும் அண்ணனைக் கேட்காமல் செய்ய மனமில்லை என்று முணுமுணுத்தான்.

"அப்ப நம்பரப் போடு, நாம் பேசுறேன்" என்று அவன் கையிலிருந்த போனை வாங்கினார் அந்த அம்மா.